‘முடிஞ்சுதுங்க அக்கா’ என்றால் என்ன முடிந்தது? களப்பணியாளர்களை மென்பொருள் ஏஜென்ட்களைக் கொண்டு ஒருங்கிணைக்க ஒரு முழு வழிகாட்டி

கோவையில் ஒரு ஃபைபர் இன்டர்நெட் நிறுவனத்துக்கு வேலை ஒதுக்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். பீளமேட்டில் ஒரு வீட்டில் நெட் இல்லை, டப்பாவில் (ஃபைபர் வந்து சேரும் மோடம்) சிவப்பு விளக்கு. போன டெக்னீஷியன் கம்பத்திலிருந்து வரும் டிராப் கேபிளை மாற்றினார். அப்புறம் பார்த்தால் டப்பாவும் கெட்டிருந்தது, கையில் மாற்று டப்பா இல்லை. கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, “கேபிள் வேலை முடிஞ்சுதுங்க அக்கா, டப்பா நாளைக்கு மாத்திக்கலாம்” என்றார். செயலியில் இருந்த ஒரே பொத்தானை அழுத்தினார்: ‘முடிந்தது’.

அந்த ஒரு சொல்லை மூன்று நிரல்கள் மூன்று விதமாகப் படித்தன. புகார்களைக் கவனிப்பது புகாரை மூடியது. கிடங்கைக் கவனிப்பது, இனி டப்பா தேவையில்லை என்று முடிவு செய்தது. வேலை ஒதுக்குவது அவரை மறுநாள் வேறு ஏரியாவுக்கு அனுப்பியது. மூன்று நாள் அந்த வீட்டில் நெட் இல்லை. எங்கள் திரையில் எல்லாம் பச்சை. இதில் எந்த நிரலும் பழுதாகவில்லை என்பதுதான் வேடிக்கை. தனக்குச் சொல்லப்பட்ட பொருளில் ஒவ்வொன்றும் ஒழுங்காகத்தான் நடந்தது.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஏஜென்ட்கள், அதாவது ஒருவர் சார்பில் தானே முடிவெடுத்து மற்ற நிரல்களோடு பேசும் நிரல்கள், நான்காம் படியில்தான் வருகின்றன. அதுவரைக்கும் சொற்கள்தான்.

இது பழைய கதை

‘ஏஜென்ட்’ என்ற சொல் இப்போது ஊரெல்லாம் அடிபடுகிறது, ஆனால் களப்பணியாளர்களுக்காக ஏஜென்ட் கட்டுவது புதிதல்ல. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன் லீப் என்றொரு திட்டம் நடந்தது. கையடக்கக் கருவிகளில் ஓடக்கூடிய ஏஜென்ட் தளத்தைக் கட்டி, இங்கிலாந்தில் பிரிட்டிஷ் டெலிகாம் களப் பொறியாளர்களிடமும், ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலையோரப் பழுது நீக்குநர்களிடமும் சோதித்தார்கள். அடித்தளமாக இருந்தது டெலிகாம் இத்தாலியாவின் ஆய்வகத்தில் பிறந்த ஜேட் என்ற ஏஜென்ட் மென்பொருள். ஏஜென்ட்கள் பேசிக்கொள்ளும் மொழியை ஃபிப்பா என்ற அமைப்பு வகுத்தது. 1996இல் தொடங்கிய அது, 2005இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரநிலைக் குழுக்களில் ஒன்றாகச் சேர்ந்தது.

ஃபிப்பா செய்திவடிவத்தில் அனுப்புநர், பெறுநர், உள்ளடக்கம் ஆகியவற்றோடு ‘ஆன்டாலஜி’ என்று தனியாக ஒரு புலம் உண்டு. ‘நான் இப்போது பேசும் சொற்களுக்கு எந்த அகராதியில் பொருள் பார்க்க வேண்டும்’ என்று சொல்லும் இடம் அது. பொதுச் சொற்கோவை என்று நான் இங்கே சொல்வது அதைத்தான். பலர் அந்தப் புலத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். எங்கள் பீளமேட்டுக் கதை அங்கேதான் தொடங்கியது.

படி 1: சொற்களைப் பொறுக்குங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். இரண்டு வாரம் கன்ட்ரோல் ரூமில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். போனில் வருவதையும் வாட்ஸாப் குழுவில் விழும் குரல் செய்திகளையும் கேளுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி: சொல், சொன்னவர், அதைக் கேட்டதும் எதிராளி என்ன செய்தார். மூன்றாவது பத்திதான் முக்கியம். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று ஆளிடம் கேட்டால், அவர் யோசித்து நல்லதாக ஒன்று சொல்வார். அதைக் கேட்டபின் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால்தான் உண்மையான பொருள் தெரியும்.

‘ஏரியா’ என்ற சொல்லையே எடுங்கள். ஒதுக்கும் அக்காவுக்கு அது பின்கோடு. டெக்னீஷியனுக்கு, எந்தக் கம்பத்தில் எந்த டிபி பெட்டி (வீடுகளுக்கு ஃபைபர் பிரியும் பெட்டி) என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய தெருக்கள். விற்பனைப் பிரிவுக்கு மாதாந்திர இலக்குப் பிரித்த பகுதி. ‘ஆள் இல்லை’ என்பதும் அப்படித்தான். டெக்னீஷியன் கணக்கில் அது போய் வந்த ஒரு விசிட். வாடிக்கையாளருக்குக் கொடுத்த நேரக்கெடுவைப் பார்ப்பவர் கணக்கில் கடிகாரம் நிற்க வேண்டிய இடம். வாடிக்கையாளரைக் கேட்டால், “நான் வீட்லதான் இருந்தேன், யாரும் வரவே இல்லை.”

அடுத்து, கேள்விகளை எழுதுங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூனிங்கரும் ஃபாக்ஸும் 1995இல் முன்வைத்த வழி இது: சொற்கோவை பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகளை முதலில் எழுது, பிறகு சொற்களை வை. எங்கள் பட்டியலில் இருந்தவை இப்படி: இன்று 4 மணிக்குள் ஸ்ப்ளைசிங் மிஷினோடு (அறுந்த ஃபைபரை ஒட்டும் கருவி) ஆர்.எஸ்.புரம் போகக்கூடியவர் யார்? இந்த வாடிக்கையாளருக்கு இது எத்தனையாவது விசிட்? இந்த ஐந்து புகாரும் ஒரே ஸ்ப்ளிட்டரின் (ஒரு ஃபைபரின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கருவி) கீழ் வருகின்றனவா? எந்தக் கேள்விக்கும் பயன்படாத சொல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தூக்கிப் போடுங்கள். நாங்கள் முதலில் வண்டியின் நிறம்வரை எழுதிவைத்திருந்தோம். யாரும் கேட்கவே இல்லை.

படி 2: பிரிக்க வேண்டியதைப் பிரியுங்கள்

இங்கே அவசரப்பட்டால் பின்னால் எல்லாப் படியிலும் அடிபடும்.

முதலில் வேலையையும் விசிட்டையும் பிரியுங்கள். ‘நெட் வர வேண்டும்’ என்பது வேலை. அதற்காக ஒருவர் ஒருமுறை போய்வருவது விசிட். ஒரு வேலைக்கு நான்கு விசிட் ஆகலாம். ஃபைபர் அறுந்த இடத்துக்குப் போகும் ஒரே விசிட் முப்பது வேலையை முடிக்கலாம். இரண்டையும் ஒரே அட்டவணையில் ‘டிக்கெட்’ என்று போட்டு வைத்திருந்ததுதான் எங்கள் பழைய அமைப்பின் மூலப் பாவம்.

அடுத்து ஆள், திறன், அனுமதி, கருவி. ஸ்ப்ளைசிங் தெரிவது திறன். மின்கம்பம் ஏறலாம் என்பது அனுமதி, அதற்குக் காலாவதித் தேதி உண்டு. ஸ்ப்ளைசிங் மிஷின் கருவி, அது இன்று யார் வண்டியில் இருக்கிறதோ அவரோடு நகரும். ‘சீனியர் டெக்னீஷியன்’ என்ற ஒரே சொல்லில் மூன்றையும் அடைத்தால், மிஷினே இல்லாத சீனியரை வேகாத வெயிலில் அறுந்த கேபிளுக்கு அனுப்பிவைப்பீர்கள்.

இனி அந்த ‘முடிந்தது’. நாங்கள் அதை நான்காக உடைத்தோம்: களத்தில் கைவேலை முடிந்தது, இணைப்பு உறுதியானது, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார், வேலை மூடப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிபந்தனை வைத்தோம்: யார் சொல்லலாம், எதைச் சான்றாகக் காட்ட வேண்டும். முதலாவதை டெக்னீஷியன் சொல்லலாம், சான்றாகப் போட்டோ போதும். இரண்டாவதை மனிதர் யாரும் சொல்ல முடியாது. டப்பாவுக்கு வந்துசேரும் ஒளியின் அளவை நெட்வொர்க்கே படித்துச் சொல்ல வேண்டும். ஜிபான் என்ற ஃபைபர் வகை இணைப்பில், பி பிளஸ் வகுப்பு டப்பாவின் உணர்திறன் எல்லை மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு; எண் கீழே போகப் போக ஒளி மங்கும்). மைனஸ் 8-ஐத் தாண்டி ஒளி அதிகமானாலும் ஆகாது. எல்லையை ஒட்டி மைனஸ் 26.5 என்று வந்தால் இன்று ஓடும், ஒரு வளைவு விழுந்தால் நாளை நின்றுவிடும். அதனால் எங்களுக்கென்று மைனஸ் 25-ஐக் கோடாக வைத்துக்கொண்டோம். கோட்டுக்குக் கீழே போனால் ‘உறுதியானது’ என்ற சொல்லே வெளியே வராது. மூன்றாவது நிலைக்கு வாடிக்கையாளரின் பதில். நான்காவதைச் சொல்லும் உரிமை வேலை ஏஜென்டுக்கு மட்டும், அதுவும் மற்ற மூன்றும் வந்த பிறகு.

நேரம், இடம், அளவீடு, யார் எப்போது சொன்னது ஆகியவற்றுக்கு நீங்களே சொல் கண்டுபிடிக்க வேண்டாம். நேரத்துக்கு ஆவுல்-டைம், இடத்துக்கு ஜியோஸ்பார்க்கிள், அளவீட்டுக்கு சோசா, ‘யார் சொன்னது’ என்பதற்கு ப்ராவ்-ஓ என்று பொதுவில் சொற்கோவைகள் இருக்கின்றன. வேண்டிய பத்துப் பதினைந்து சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுசாக இழுத்தால் கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி நடுக்கூடம்வரை வந்து படுத்துக்கொள்ளும்.

படி 3: எழுதுங்கள், கூடவே காவலும் வையுங்கள்

தகவலைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுத ஆர்டிஎஃப், அதற்கு மேல் சொற்களின் பொருளை விதிகளாக எழுத, வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி 2004இல் பரிந்துரையாக வெளியிட்ட ஆவுல். கருவி வேண்டுமானால் ஸ்டான்ஃபோர்டின் ப்ரோட்டஜே இலவசம். ஒவ்வொரு கருத்துக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுத்து, பெயர்களை அதன்மேல் ஒட்டுங்கள். அலுவலகத்தில் ‘ஓஎன்டி’, களத்தில் ‘டப்பா’, வடக்கிலிருந்து வந்து வேலை செய்யும் டெக்னீஷியன்களிடம் இந்திப் பெயர். எல்லாம் ஒரே எண்ணுக்குப் போகட்டும். மாற்றுப் பெயர்களை எழுதிவைக்க ஸ்காஸ் என்ற தரநிலை வசதியாக இருக்கிறது.

ஆவுலில் டேட்டாபேஸ் பழக்கத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று உண்டு. சொல்லப்படாததை அது பொய் என்று எடுத்துக்கொள்ளாது, தெரியாது என்று வைத்துக்கொள்ளும். ஒருவருக்குக் கம்பம் ஏறும் அனுமதி பதிவாகவில்லை என்றால், ‘இல்லை’ என்று அது சொல்லவே சொல்லாது. இன்னொன்றும் உண்டு. ‘ஓர் ஆளுக்கு ஒரே முதன்மை ஏரியாதான்’ என்று விதி எழுதினோம். யாரோ ஒருவருக்குத் தவறுதலாகக் காந்திபுரம், பீளமேடு என்று இரண்டைப் போட்டுவிட்டார்கள். பிழை காட்டும் என்று காத்திருந்தால், ‘ஒன்றுதான் இருக்க முடியும், இரண்டு பெயர் இருக்கிறது, ஆகவே காந்திபுரமும் பீளமேடும் ஒரே இடம்’ என்று முடிவு கட்டிவிட்டது. பெயர் வேறானால் பொருளும் வேறு என்று அது தானாக நினைப்பதில்லை. தர்க்கப்படி சரிதான். அன்று மதியம் ஒதுக்கீடு முழுக்கக் கலைந்தது.

அதனால் அர்த்தத்தை ஆவுலில் எழுதுங்கள், சரிபார்ப்பை 2017இல் பரிந்துரையான ஷாக்கில் என்ற மொழியில் எழுதுங்கள். ‘விசிட் என்றால் சரியாக ஓர் ஆள் இருக்க வேண்டும், கம்ப வேலை என்றால் காலாவதியாகாத அனுமதி இருக்க வேண்டும்’ என்பதெல்லாம் ஷாக்கிலின் வேலை. ஒவ்வொரு ஏஜென்டின் வாசலிலும் அதைக் காவலுக்கு நிறுத்துங்கள். உள்ளே வரும் செய்தி அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

படி 4: எத்தனை ஏஜென்ட்?

குறைவாக. வேலைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, ஒதுக்கீட்டுக்கு ஒன்று. தனக்கென்று ஒரு நலனோ, மற்றவருக்குத் தெரியாத தகவலோ இல்லாத எதற்கும் ஏஜென்ட் வேண்டாம், சாதாரண ஃபங்ஷன் போதும். வரைபடத்தில் தூரம் கணக்கிட ‘பயண ஏஜென்ட்’ என்று ஒன்றைக் கட்டியிருந்தோம். அது யாரோடும் பேரம் பேசவில்லை, கேட்டால் எண் சொன்னது, அவ்வளவுதான்.

ஆள் ஏஜென்டை போனில் ஓட்டாதீர்கள். லீப் காலத்தில் அதுதான் கனவாக இருந்தது. இன்றைய போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடுகின்றன. ஏஜென்ட் சர்வரில் இருக்கட்டும், போனில் செய்திகளை வரிசையாகச் சேர்த்துவைக்கும் பெட்டி இருந்தால் போதும்.

படி 5: பேச வையுங்கள்

ரீட் ஸ்மித் 1980இல் எழுதிய ஒப்பந்த வலை நெறிமுறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. டெண்டர் விடுவதுதான், வேறொன்றுமில்லை. வேலை ஏஜென்ட் அறிவிக்கிறது, ஆள் ஏஜென்ட்கள் விலை சொல்கின்றன, ஒன்று ஏற்கப்படுகிறது. ஃபிப்பா 22 வகைப் பேச்சுச் செயல்களைப் பட்டியலிட்டிருக்கிறது. உங்களுக்கு ஏழெட்டுப் போதும்: முன்மொழிவு கேட்பு, முன்மொழிவு, ஏற்பு, நிராகரிப்பு, மறுப்பு, தகவல், தோல்வி, புரியவில்லை. ஒரு செய்தி இப்படி இருக்கும்:

செயல்: முன்மொழிவு கேட்பு
அனுப்புநர்: வேலை-4471
பெறுநர்: ஆள்-12, ஆள்-19, ஆள்-23
சொற்கோவை: களப்பணி, பதிப்பு 3
நெறிமுறை: ஒப்பந்த வலை
உரையாடல்: 4471-அ
பதில் கெடு: 10:42
உள்ளடக்கம்: ஃபைபர் அறுந்தது, டிபி பெட்டி 88, ஸ்ப்ளைசிங் திறனும் மிஷினும் தேவை, 11:00 முதல் 14:00 வரை

இங்கே ‘விலை’ என்பது ரூபாய் இல்லை. போய்ச்சேர ஆகும் நேரம், ஏற்கெனவே கையிலுள்ள விசிட் எவ்வளவு தள்ளிப்போகும், ஷிஃப்ட் முடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்பவற்றைச் சேர்த்த ஓர் எண். எல்லா ஏஜென்டும் அதை ஒரே அலகில், நிமிடத்தில், சொல்ல வேண்டும். அலகையும் சொற்கோவையிலேயே எழுதுங்கள். ஒன்று நிமிடத்திலும் இன்னொன்று கிலோமீட்டரிலும் சொன்னால், சின்ன எண் ஜெயித்துவிடும்.

இரண்டு சிக்கல் கட்டாயம் வரும். ஒரே ஆளிடம் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் விலை கேட்கும், இரண்டுக்கும் அவர் ஏஜென்ட் ‘11 மணிக்கு ஃப்ரீ’ என்று சொல்லிவைக்கும். எனவே விலை சொன்ன கணமே அந்த நேரத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவையுங்கள், கெடு தாண்டினால் தானாக விடுபடட்டும். மற்றது, டெண்டர் முறைக்குக் கிட்டப்பார்வை. முதலில் வந்த வேலை பக்கத்து ஆளை எடுத்துக்கொள்ளும், பத்து நிமிடம் கழித்து வரும் அவசர வேலைக்குத் தொலைவில் இருப்பவர்தான் மிஞ்சுவார். காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் ஒதுக்கீட்டு ஏஜென்ட் மொத்தத்தையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போடட்டும். இது டான்ட்சிக்கும் ராம்சரும் 1959இல் லாரிகளுக்காக எழுதிய கணக்கின் வாரிசு, தீர்க்கும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இடைப்பட்ட நேரத்தில் வரும் திடீர் வேலைகளுக்கு டெண்டர். இரண்டில் ஒன்று மட்டும் போதும் என்பவர்கள் ஒரு மழை நாளில் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் ‘புரியவில்லை’தான் இந்தப் பட்டியலில் ராஜா. தெரியாத சொல்லோ பழைய பதிப்போ வந்தால் ஏஜென்ட் ஊகிக்கக் கூடாது, ‘புரியவில்லை’ என்று திருப்பியனுப்ப வேண்டும், அது மனிதர் ஒருவரின் திரையில் வந்து நிற்க வேண்டும். பீளமேட்டில் ஒரே ஓர் ஏஜென்ட் அப்படிக் கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

பெரிய மொழி மாதிரிகளை (சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருப்பவை) ஏஜென்டாக வைப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மாதிரியைக் கருவிகளோடு இணைக்க 2024இல் வந்த எம்சிபி, ஏஜென்டை ஏஜென்டோடு இணைக்க 2025இல் வந்த ஏ2ஏ ஆகியவை செய்தி போய்ச்சேரும் பாதையை ஒழுங்குபடுத்துகின்றன. ‘முடிந்தது’ என்றால் உங்கள் நிறுவனத்தில் என்ன பொருள் என்பதை அவை சொல்லித்தரா. மொழி மாதிரியோ, புரியாவிட்டாலும் புரிந்ததுபோல் சரளமாகப் பேசும். குரல் செய்தியைக் கேட்டுச் சொற்கோவையின் சொல்லாக மாற்றித்தர அது அருமையான ஆள். ஆனால் அதன் வெளியீடும் ஷாக்கில் காவலைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

படி 6: சிக்னல் இல்லாத இடம்

அடுக்குமாடியின் தரைக்கீழ்த் தளத்தில் போன் செத்துவிடும். டெக்னீஷியன் 11:10க்கு அழுத்தியது 11:50க்கு வந்துசேரும். நடந்த நேரம், வந்த நேரம் என்று இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் கொடுங்கள், அதே செய்தி மூன்று முறை வந்தாலும் ஒரு முறைதான் எண்ணப்பட வேண்டும். முரண்பாடு வந்தால் யார் சொல் நிற்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். களத்தில் என்ன நடந்தது என்பதில் டெக்னீஷியன் சொல், யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதில் கன்ட்ரோல் ரூம் சொல்.

படி 7: ஆள் ஆள்தான்

ஏஜென்ட் ஒப்புக்கொண்டது என்பதால் ஆள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. மறுக்கும் பொத்தான் வையுங்கள், காரணங்களையும் சொற்கோவையில் சேருங்கள்: வண்டி பஞ்சர், நாய், மழையில் கம்பம் ஏற முடியாது, முன்பு அந்த வீட்டில் தகராறு. கடைசிக் காரணம் எங்கள் முதல் பட்டியலில் இல்லவே இல்லை. டெக்னீஷியன்கள் சொல்லித்தான் வந்தது.

விசிட்டுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை கொடுத்தால், நாள் முழுக்கப் பிடிக்கும் ஃபைபர் வேலையை எல்லோரும் மறுப்பார்கள். நன்றாக ஸ்ப்ளைசிங் செய்பவருக்கு எப்போதும் அதுவே போய், திறமையே அவருக்குத் தண்டனையாகும். வேலையின் கடினத்தையும் ஒரு பண்பாக எழுதி, கணக்கை அதன்மேல் போடுங்கள். இருப்பிடத் தகவல் ஷிஃப்ட் தொடங்கியதிலிருந்து முடியும்வரை மட்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம் இருக்க, மாலை 7 மணிக்கு மேல் ஒருவர் எங்கே டீ குடிக்கிறார் என்பது உங்களுக்கு எதற்கு?

படி 8: இறக்குவது, பேணுவது

ஒரே ஏரியாவில் இரண்டு வாரம் நிழலாக ஓட்டுங்கள். ஏஜென்ட்கள் முடிவெடுக்கட்டும், யாருக்கும் அனுப்ப வேண்டாம். அக்கா எடுத்த முடிவையும் அவற்றின் முடிவையும் மாலையில் பக்கம் பக்கமாக வைத்து, வேறுபட்ட இடங்களை அவரிடமே காட்டி ஏன் என்று கேளுங்கள். பாதிக்கு நிரலில் தவறு இருக்கும். மீதிக்கு, ‘அந்தத் தெருவில் செவ்வாய்க்கிழமை சந்தை, வண்டி போகாது’ என்பதுபோல் சொற்கோவையில் இல்லாத ஓர் உண்மை இருக்கும்.

ஒரு சொல்லின் பொருளை ஒருபோதும் மாற்றாதீர்கள். புதுச் சொல் சேருங்கள், பழையதன்மேல் ‘இனிப் பயன்படுத்த வேண்டாம்’ என்று குறியிடுங்கள், கொஞ்ச காலம் இரண்டும் ஓடட்டும். சொற்கோவைக்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும், அவர் புரோகிராமராக இருக்கத் தேவையில்லை. எங்களிடம் கன்ட்ரோல் ரூம் அக்காதான் பார்த்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம், சிங்காநல்லூரிலிருந்து குரல் செய்தி: “அக்கா, சிவப்பும் இல்ல, பச்சையும் நிக்கல. மினுக்குதுங்க.” ஏஜென்ட் ‘புரியவில்லை’ என்று அக்காவின் திரையில் வந்து நின்றது. ஒளி வருகிறது, டப்பா இன்னும் நெட்வொர்க்கில் பதிவாகவில்லை, வரிசை எண்ணைச் சரிபார்த்தால் போதும். அக்கா போனிலேயே அதைச் சொல்லிவிட்டு, நோட்டில் எழுதினார்: மினுக்குது. மறுநாள் அது பதிப்பு 4-இல் இருந்தது.